எண்ணூர் லோக்கலில் ஏறிய வெளிநாட்டுப் பணம்!

'தமிழ்நாட்டுக்கு இத்தனை ஆயிரம் கோடி அந்நிய முதலீடு! ஒப்பந்தம் கையெழுத்து!'

பேப்பரில் இப்படி ஒரு தலைப்பு வந்தால் போதும், ஆபீஸ் கேன்டீனில் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். 'அப்பாடா, நாடு முன்னேறிடுச்சு!' என்பது ஆளுங்கட்சி. 'போச்சு, நாட்டை வித்துட்டாங்க!' என்பது எதிர்க்கட்சி. டீ ஆறுவதற்குள் விவாதம் முடிந்துவிடும். அப்புறம் இரண்டு கட்சிக்காரர்களும் ஒற்றுமையாக மேனேஜரைத் திட்டிவிட்டு சீட்டுக்குத் திரும்புவார்கள்.

இந்த வழக்குக்குத் தீர்ப்பு சொல்ல எகனாமிக்ஸ் எம்.ஏ. எல்லாம் தேவையில்லை ஸார். பீச் ஸ்டேஷனில் ஒரு டிக்கெட் எடுத்து எண்ணூர் பக்கம் போகும் லோக்கலில் ஏறினால் போதும். நான் அந்த லைனில் பல வருஷமாகப் போய் வருகிறவன். (உட்கார இடம் கிடைத்தது என்று சொல்லவில்லை!) வெளிநாட்டுப் பணம் இந்தியாவுக்குள் என்னென்ன வேஷத்தில் வந்ததோ, ஏறக்குறைய அத்தனை வேஷமும் இந்த இருபது சொச்சம் கிலோமீட்டருக்குள் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறது. சில பேர் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். சில பேர் வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போனார்கள். சில பேர் பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

வாருங்கள், ஒரு ரவுண்டு போய் வரலாம்.

பீச் ஸ்டேஷன்: பேங்க் கவிழ்ந்தது!

வண்டி கிளம்புவதற்கு முன் எதிரே இருக்கும் ராஜாஜி சாலையை ஒரு பார்வை பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அதன் பெயர் ஃபர்ஸ்ட் லைன் பீச். மதராஸின் பணப்பெட்டி முழுக்க அந்தத் தெருவில்தான் இருந்தது. அங்கே கொடிகட்டிப் பறந்த கம்பெனி, ஆர்பத்நாட். இங்கிலீஷ்காரர்களின் கம்பெனியாயிற்றே, அதைவிடப் பத்திரமான இடம் உண்டா என்று பென்ஷன்காரர்களும் விதவைகளும் வக்கீல்களும் காசைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். 1906 அக்டோபர் 22 அன்று கதவு மூடியது. லண்டன் கூட்டாளி ஊக வியாபாரத்தில் பணத்தை வாரிவிட்ட கதை அப்புறம்தான் வெளியே வந்தது. ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதம் ஜெயில்.

ஊர் அழுதுகொண்டு உட்காரவில்லை. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் சேர்ந்து உள்ளூர்ப் பணத்தில் ஒரு பேங்க் ஆரம்பித்தார்கள். 1907 ஆகஸ்ட் 15-ல் திறந்த அதுதான் இந்தியன் பேங்க்.

இதில் நமக்கு என்ன பாடம்? ஒரு வீட்டில் மிச்சமாகும் காசு ஒரு தொழிற்சாலையில் மிஷினாக மாறினால்தான் பொருளாதாரம் வளரும். இடையில் ஒரு குழாய் வேண்டும். பேங்க் ஒரு குழாய், ஷேர் மார்க்கெட் இன்னொரு குழாய். குழாயில் ஓட்டை என்றால், தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தும் பிரயோஜனமில்லை. அதனால் யார் பணம் போடுகிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அதே பேட்டையில், செகண்ட் லைன் பீச்சில், மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. 1937-ல் அமைந்தது. புரோக்கர்கள் கூட்டமாக நின்று தொண்டை கிழியக் கத்தி ஷேர் வாங்கி விற்ற காலம் ஒன்று உண்டு. மீன் மார்க்கெட்டே தோற்கும்! 1994-ல் பம்பாயில் நேஷனல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் கம்ப்யூட்டர் திரையில் வியாபாரத்தை ஆரம்பித்தது. எந்த ஊரில் உட்கார்ந்தாலும் ஒரே விலை, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற விலை. கத்தலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 2015-ல் மெட்ராஸ் எக்ஸ்சேஞ்ச் கடையை மூடிவிட்டது. உள்ளூர்ப் பெருமைக்கு நஷ்டம்தான். ஆனால் ஷேர் வாங்குகிற சாதாரண மனிதனுக்கு லாபம்.

ராயபுரம்: லாபம் எனக்கு, நஷ்டம் உனக்கு!

அடுத்த ஸ்டேஷன் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று புறப்பட்டது இங்கிருந்துதான். போய்ச் சேர்ந்தது வாலாஜா ரோடு. அந்தத் தண்டவாளத்துக்குப் பணம் போட்டது லண்டனில் ஷேர் விற்ற மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. இன்றைய பாஷையில் சொன்னால், அந்நிய நேரடி முதலீடு.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும், லாபம் வந்தாலும் வராவிட்டாலும், முதலீட்டாளருக்கு வருஷம் 5 சதவிகிதம் உறுதி! குறைந்தால் மீதியை இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து கொடுப்பார்கள். மச்சான் கல்யாணத்துக்குக்கூட இப்படி வாக்குக் கொடுக்க நாம் யோசிப்போம்!

என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். செலவைக் குறைக்க யாருக்கும் அவசரமில்லை. வைஸ்ராய் சபையில் நிதி உறுப்பினராக இருந்த மாஸி என்பவர் பிறகு லண்டன் பார்லிமெண்ட் கமிட்டி முன்னால் போட்டு உடைத்தார். 5 சதவிகிதம் உறுதியான பிறகு, பணம் கட்டடமாக மாறினாலும் சரி, ஹூக்ளி ஆற்றில் கொட்டப்பட்டாலும் சரி, முதலீட்டாளருக்கு ஒன்றுதான் என்பது அவர் சொன்னதன் சாரம்.

ரயில் வந்தது உண்மை. இன்று நாம் அதில்தான் போகிறோம். ஆனால் நியாயமாக ஆக வேண்டியதைவிட அதிக விலை கொடுத்தோம். அதைக் கொடுத்தது ரயிலையே பார்த்திராத விவசாயி.

பழைய கதைதானே என்கிறீர்களா? 1990களில் மகாராஷ்டிராவில் என்ரான் கம்பெனி தாபோல் மின் நிலையத்தைக் கொண்டு வந்தபோது, தனியார் மின்சாரக் கொள்கையில் போட்ட மூலதனத்துக்கு 16 சதவிகித வருமானத்துக்கு வழி செய்திருந்தார்கள். அதுவும் டாலர் கணக்கில். மின்சாரத்தின் விலை கட்டுப்படியாகாமல் 2001-ல் அது நின்றே போனது. ஆக, ராயபுரம் ஸ்டேஷன் நமக்குச் சொல்லித் தரும் கேள்வி: நஷ்டம் வந்தால் யார் தலையில் விடியும்?

திருவொற்றியூர்: பலூனும் புல்லட்டும்

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை தாண்டி திருவொற்றியூர். பட்டினத்தார் சமாதி இருக்கிற ஊர். காதற்ற ஊசியும் கடைவழிக்கு வராது என்று சொன்னவர் ஊரில்தான், ஒரு ஷேர் ஒரு லட்ச ரூபாயைத் தொட்ட கம்பெனி பிறந்தது!

1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை இங்கே ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்குப் பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952-ல் பழைய டயருக்கு ஒட்டுகிற ட்ரெட் ரப்பர். டயர் செய்ய வேண்டும் என்று ஆசை. ஆனால் டயர் செய்வது ஊதினால் வந்துவிடும் வித்தையா? அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு கூட்டு வைத்தார். 1961-ல் திருவொற்றியூரில் டயர் உருண்டது. அதே ஆண்டு பொதுமக்களுக்கும் பங்கு விற்றார்கள். ஆக, தொழில்நுட்பம் அமெரிக்காவிலிருந்து, பணத்தில் ஒரு பகுதி நம்மூர் ஷேர்தாரர்களிடமிருந்து, வேலை திருவொற்றியூர் கைகளிலிருந்து.

1979-ல் மான்ஸ்ஃபீல்டு உறவு முடிந்தது. அந்த அமெரிக்கக் கம்பெனியே அப்போது நொடித்துப் போயிருந்தது. இங்கே டயர் நிற்கவில்லை. 2023 ஜூன் 13 அன்று எம்.ஆர்.எஃப். ஷேர் ஒன்றின் விலை ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் அப்படித் தாண்டிய முதல் ஷேர் அதுதான். (அன்றைக்கு எங்கள் ஆபீஸில் 'எங்க தாத்தாகிட்ட நாலு இருந்துது, வித்துட்டாரு' என்று சொல்லாத ஆளே இல்லை. எல்லாத் தாத்தாக்களும் வாங்கியிருந்தால் கம்பெனியில் ஷேரே மிச்சம் இருந்திருக்காது!)

பக்கத்திலேயே இன்னொரு கதை. பட்டாளத்துக்கு எல்லையில் ரோந்து போக மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1960களின் தொடக்கத்தில் முழு புல்லட்டும் இங்கேயே தயார்.

1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றது. தாய் போய்விட்டாள், பிள்ளை திருவொற்றியூரில் 'டக்... டக்... டக்' என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி!

லோக்கலில் ஒரு ரிட்டயரான டர்னர் எனக்குப் பழக்கம். (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.) இந்த விஷயத்தை அவரிடம் கேட்டேன்.

"ஐயா, வெள்ளைக்காரன் போனப்புறம் எப்படி சமாளிச்சீங்க?"

"அவன் மிஷினை வுட்டுட்டுப் போனான் தம்பி, ட்ராயிங்கையும் வுட்டுட்டுப் போனான். ஸ்பேர் கேட்டா மட்டும் பதில் வராது. தேஞ்ச டூலை எப்டி சாணை புடிக்கிறது, ஒடஞ்ச கியரை எப்டி வெட்டுறதுன்னு நாங்களாதான் கத்துக்கினோம். அப்பால என் மச்சான் வெளிய போயி சொந்தமா ஒரு லேத்து போட்டான். அவங்கிட்ட எட்டுப் பசங்க கத்துக்கினானுங்க. இன்னிக்கு அதுல ஒருத்தன் கார் வெச்சிகிறான். நான் ரயில்ல வர்றேன்!"

பொருளாதார நிபுணர்கள் பெரிய புத்தகத்தில் எழுதுவதை மனிதர் நாலு வரியில் முடித்துவிட்டார். வெளிநாட்டுக்காரன் கொண்டு வரும் பணத்தைவிட அவன் கொண்டு வரும் வித்தை பெரிது. அந்த வித்தை ஃபாக்டரி காம்பவுண்டைத் தாண்டி லேத்துப் பட்டறைக்குப் போனால்தான் ஊர் வளரும்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. போட்டியே இல்லாத லைசென்ஸ் காலத்தில் புல்லட் பல வருஷம் அப்படியே இருந்தது. 1980களில் ஜப்பான்காரர்கள் கூட்டாக 100 சிசி வண்டிகளைக் கொண்டு வந்தபோது ஜனங்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள். ஜெர்மனியின் ஸுண்டாப் தொழில்நுட்பத்தில் என்ஃபீல்டு கொண்டு வந்த ஸில்வர் ப்ளஸ், எக்ஸ்ப்ளோரர் வண்டிகளும் நிற்கவில்லை. 1994-ல் ஐஷர் கைக்குப் போயும் கஷ்டம் தீரவில்லை. 2000-ல் சித்தார்த்த லால் பொறுப்பேற்றபோது மூடுவதா வேண்டாமா என்ற நிலை. அதிலிருந்து எழுந்து, 2017-ல் இங்கிலாந்திலேயே ஒரு தொழில்நுட்ப மையம் திறந்தார்கள். கதவை மூடி வைத்தால் பிள்ளை பிழைக்கும், ஆனால் வளராது. திறந்த பிறகுதான் ஓடக் கற்றுக்கொண்டது.

விம்கோ நகர்: தீக்குச்சி ராஜா

தினமும் ஆயிரக்கணக்கானோர் உச்சரிக்கும் இந்தப் பெயர் ஒரு ஸ்வீடன் கம்பெனியின் குழந்தை. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ. 1922-ல் இந்தியாவில் தீப்பெட்டி இறக்குமதி வரியை ஏற்றினார்கள். கப்பலில் கொண்டு வந்து வரி கட்டுவதைவிட இங்கேயே ஃபாக்டரி போட்டால் லாபம் என்று கணக்குப் போட்ட ஸ்வீடிஷ் மேட்ச், 1923-ல் விம்கோவைத் தொடங்கியது. வரிச்சுவரை ஏறிக் குதிக்க வந்த முதலீடு!

அந்த ஸ்வீடிஷ் மேட்ச்சின் தலைவர் ஐவர் க்ரூகர். உலகமே அவரைத் 'தீக்குச்சி ராஜா' என்றது. பணமுடை பிடித்த அரசாங்கங்களுக்குக் கடன் கொடுப்பார். பதிலுக்கு அந்த நாட்டில் தீப்பெட்டி வியாபாரம் முழுக்க அவருக்கு! கடன் கொடுக்கப் பணம்? அமெரிக்காவில் பத்திரங்கள் விற்று வாங்கினார். கணக்குப் புத்தகத்தை மட்டும் யாருக்கும் காட்டவில்லை. 1932 மார்ச்சில் பாரீஸில் அவர் இறந்து கிடந்தார். பெட்டகத்தைத் திறந்து பார்த்தால், போலியாக அச்சடித்த இத்தாலி அரசாங்கப் பத்திரங்கள்! பங்கு விற்கும் கம்பெனி உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அமெரிக்கா 1933-ல் சட்டம் போட்டதற்கு இந்த மோசடியும் ஒரு காரணம்.

தலைமையகத்தில் பூகம்பம். ஆனால் திருவொற்றியூரில் தீக்குச்சிக்கு மருந்து தோய்க்கும் வேலை பிறகும் பல காலம் நடந்தது. ஏன்? ஷேர் விலை காகிதத்தில் இருக்கிறது, ஃபாக்டரி மண்ணில் இருக்கிறது.

விம்கோவுக்குச் சரியான போட்டி எங்கிருந்து வந்தது தெரியுமா? சிவகாசியிலிருந்து! அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். கையால் செய்யும் சிறு தொழிலுக்கு அரசாங்கம் வரிச்சலுகை கொடுத்தது. மிஷின் வைத்திருந்த பன்னாட்டுக் கம்பெனி கொஞ்சம் கொஞ்சமாகத் திணறியது. 2005-ல் விம்கோ ஐ.டி.சி. குடும்பத்துக்குப் போனது. இன்று மெட்ரோ ஸ்டேஷனுக்கும் விம்கோ நகர் என்றே பெயர். முதலீட்டாளர் போய்விட்டார், முகவரி இருக்கிறது!

கத்திவாக்கம்: இப்போது முதலாளி யார்?

1948-ல் ரகுநந்தன் சரண் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ஆஸ்டின் கார்களை எண்ணூரில் பூட்டிக் கொடுத்தது. (மகன் பெயர் அசோக். அதையே கம்பெனிக்கும் வைத்துவிட்டார்.) பிறகு லாரிக்கும் பஸ்ஸுக்கும் லேலண்ட் கம்பெனியோடு கூட்டு. 1955-ல் லேலண்ட் பங்கு வாங்கவே, பெயர் அசோக் லேலண்ட் ஆனது. நம்மூர் பஸ்ஸில் படியில் தொங்கிய ஒவ்வொருவரும் இந்த அந்நிய முதலீட்டைக் கையால் பிடித்தவர்கள்தான்!

இங்கிலாந்தில் லேலண்ட் என்ன ஆனது? ஊதிப் பெருத்து, 1975-ல் அரசாங்கத்தின் கைக்குப் போய், துண்டு துண்டாக விற்கப்பட்டது. 1987-ல் இங்கிருந்த அதன் பங்குகளை ஹிந்துஜா குழுமமும் இத்தாலியின் இவெகோவும் வாங்கின. 2007-ல் இவெகோவும் விலகியது. எண்ணூரில் ஷிப்ட் சங்கு ஊதுவது நிற்கவில்லை.

வேடிக்கை இதற்கப்புறம்தான். லீட்ஸ் நகரில் லேலண்ட் மூடிய ஒரு பஸ் பட்டறையிலிருந்து 1985-ல் ஆப்டேர் என்ற கம்பெனி பிறந்திருந்தது. 2010-ல் அசோக் லேலண்ட் போய் அதில் பங்கு வாங்கியது. அது இப்போது ஸ்விட்ச் மொபிலிட்டி. 2025-ல் யார்க்‌ஷயரில் உள்ள அதன் தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்துவது பற்றிப் பேச்சு ஆரம்பித்தது. அந்த ஊர்த் தொழிலாளி வீட்டில், 'இந்த வெளிநாட்டு முதலாளி நம்மை விட்டுட்டுப் போயிடுவானா?' என்று கேட்டிருப்பார்கள். அந்த வெளிநாட்டு முதலாளி நாம்தான் ஸார்!

வடக்கே இப்படி. தெற்கே ஸ்ரீபெரும்புதூரில் வேறு மாதிரி நடந்தது. நோக்கியா 2006-ல் செல்போன் ஃபாக்டரி திறந்தது. முழுக்க அவர்களுடையது, உள்ளூர்க் கூட்டாளி கிடையாது. வேகமோ வேகம், பஸ் பஸ்ஸாக இளம்பெண்கள் வேலைக்குப் போனார்கள். செல்போன் தொழிலை மைக்ரோஸாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஃபாக்டரியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. இருபத்தைந்து வயதில் வேலை இழந்த பிள்ளைகளுக்கு, 'வளர்ச்சி விகிதம் நல்லாத்தான் இருக்கு' என்று யார் ஆறுதல் சொல்வது? பிற்பாடு அதே இடத்துக்கு ஃபின்லாந்தின் சால்காம்ப் வந்தது. சுற்றிலும் வேறு கம்பெனிகளும் வந்தன. ரோடும் பழகிய கைகளும் அங்கே இருந்ததால்தான் வந்தன. ஆனால் இடைப்பட்ட வருஷங்களின் சம்பளத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

ஆகவே அடுத்த கேள்வி: அவன் போனால் இங்கே என்ன மிஞ்சும்?

அத்திப்பட்டு புதுநகர்: கப்பல் ரெடி, லாரி எங்கே?

கடைசிக் கட்டம், துறைமுகம். மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்க, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் வாங்கி எண்ணூர் துறைமுகம் கட்டினார்கள். 2001 பிப்ரவரியில் திறந்தது. பெரிய துறைமுகங்களில் கம்பெனியாகப் பதிவான முதல் துறைமுகம். 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது. கடனில் கட்டினால் கட்டுப்பாடு நம்மிடம், தவணையும் நம்மிடம்.

சென்னைத் துறைமுகத்தில் வேறு வழி. 2001-ல் கன்டெய்னர் முனையத்தை 30 வருஷ ஒப்பந்தத்தில் பி அண்ட் ஓ கம்பெனியிடம் விட்டார்கள். 2006-ல் அந்தக் கம்பெனியையே துபாயின் டி.பி. வேர்ல்டு வாங்கியது. அமெரிக்காவில் அதே பி அண்ட் ஓ-விடம் இருந்த துறைமுக வேலை துபாய்க்குப் போவதா என்று அவர்கள் காங்கிரஸில் ஒரே ரகளை. டி.பி. வேர்ல்டு அந்தப் பகுதியை விற்றுவிட்டு வர வேண்டியதாயிற்று. நம்மூரில் லாரி டிரைவர்களுக்கு இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. ஏனென்றால் அவர்கள் க்யூவில் நின்றார்கள்!

அந்த க்யூவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக் கிரேன் நிமிஷக் கணக்கில் பெட்டியைத் தூக்கி வைக்கும். அந்தப் பெட்டியை ஏற்றவோ இறக்கவோ வரும் லாரி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் மணிக்கணக்கில் நிற்கும். எக்ஸ்பிரஸ் என்பது பெயரில் மட்டும்! துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் வேலை நின்றது. 2022-ல் மறுபடி அடிக்கல். கிரேனுக்குப் பணம் வெளியூரிலிருந்து வரும். ரோடு, கோர்ட், அனுமதி, கரண்ட் எல்லாம் நாம் போட வேண்டியவை. அது சரியில்லை என்றால் டாலரும் க்யூவில்தான் நிற்கும்.

உள்ளூர் முடிவு ஒன்றால் முதலீடு எப்படி முடங்கும் என்பதற்கும் எண்ணூரில் சாட்சி உண்டு. இரும்புத் தாது ஏற்றுமதிக்கென்று ஸிகால் கம்பெனி இங்கே தனி முனையம் கட்டியது. 2010-ல் கர்நாடகா தாது ஏற்றுமதிக்குத் தடை போட்டது. கல்யாண மண்டபம் ரெடி, பந்தல் ரெடி, பெண்ணைக் காணோம்! வருஷக்கணக்கில் சும்மா கிடந்தது, பிறகு நிலக்கரிக்கு மாற்ற முடிவு செய்தார்கள்.

ஸ்டேஷன் இல்லாத மணலியையும் சொல்லிவிடுகிறேன். 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் பிறந்தபோது மத்திய அரசுக்கு 74 சதவிகிதம், அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரான் எண்ணெய்க் கம்பெனிக்கு 13. அமோகோ 1985-ல் விலகியது. ஈரான் தரப்பு பங்குதாரராக நீடித்தது. 1994-ல் பொதுமக்களும் ஷேர் வாங்கினார்கள். இன்று அது இந்தியன் ஆயிலின் கீழ் சென்னை பெட்ரோலியம். பெட்ரோல் கிடைத்தது, வேலை கிடைத்தது, டிவிடெண்டும் கிடைத்தது.

இன்னொன்றும் கிடைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. படகு கறுத்தது, வலை கறுத்தது. இறால் பிடித்துப் பிழைத்தவர்கள் வாளியில் எண்ணெயை மொண்டு ஊற்றினார்கள். தொழிற்சாலையின் உற்பத்தி தேசிய வருமானத்தில் கூடும். ஆற்றில் குறைந்த இறாலுக்கு அந்தக் கணக்கில் சரியான இடமில்லை. பணம் வெளிநாடா, உள்நாடா, அரசாங்கமா, தனியாரா என்று இறால் கேட்பதில்லை. கண்காணிக்கும் போர்டு விழித்திருக்கிறதா என்பதுதான் அதற்கு முக்கியம்.

லாட்ஜில் ரூம் போட்டவர்கள்

இதுவரை பார்த்ததெல்லாம் ஃபாக்டரி, தண்டவாளம், கிரேன். இவர்கள் வீடு கட்டிக் குடிவந்தவர்கள். கிளம்ப வேண்டுமானாலும் லேசில் முடியாது. இன்னொரு ஜாதி உண்டு. ஷேர் மார்க்கெட்டுக்கு மட்டும் வரும் வெளிநாட்டு நிதி நிறுவனங்கள். இவர்கள் லாட்ஜில் ரூம் போட்டவர்கள். பெட்டியைத் திறக்காமலே வைத்திருப்பார்கள்!

1991-ல் இந்தியாவிடம் அந்நியச் செலாவணி தீர்ந்துபோய், 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தோம். கதவைத் திறந்தோம். 1992 செப்டம்பரில் வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் நம் ஷேர் மார்க்கெட்டில் நுழைய அனுமதி வந்தது. அதே 1992-ல்தான் செபிக்குச் சட்டப்படி அதிகாரம் கிடைத்தது. அதே 1992-ல்தான் ஹர்ஷத் மேத்தா ஊழலும் வெளியானது. திருடன், போலீஸ், விருந்தாளி மூன்று பேரும் ஒரே வருஷத்தில் வந்து சேர்ந்த வீடு இது!

இவர்கள் வந்தால் ஷேர் விலை ஏறும், கம்பெனிகளுக்குப் புதுப் பணம் திரட்டுவது சுலபமாகும். போகும்போதுதான் வலிக்கும். கொரோனா பயத்தில் 2020 மார்ச் மாதம் மட்டும் 60,000 கோடி ரூபாய்க்கு மேல் ஷேர்களை விற்றுக்கொண்டு போனார்கள். அதே மாதத்தில் எண்ணூரில் இருந்த ஒரு மிஷினையாவது பெயர்த்துக்கொண்டு போக முடிந்ததா? அதுதான் வித்தியாசம்.

அப்படிப் போனபோதும் மார்க்கெட் பிற்பாடு எழுந்தது. ஒரு முக்கியமான காரணம் நீங்கள்தான்! ஆமாம், சம்பளம் வந்த மறுநாள் ஆயிரம், இரண்டாயிரம் என்று மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. கட்டுகிறீர்களே, அந்தப் பணம்! 2024 ஏப்ரலில் அது ஒரே மாதத்தில் 20,000 கோடியைத் தாண்டியது. 2025 ஜனவரி - மார்ச் காலாண்டில், மார்க்கெட்டில் உள்ள கம்பெனிகளில் நம்மூர் நிதி நிறுவனங்களின் பங்கு வெளிநாட்டு நிதி நிறுவனங்களின் பங்கை முந்திவிட்டது. முன்பு லாட்ஜ்காரர் ரூமைக் காலி செய்தால் கட்டடமே ஆடும். இப்போது சொந்தக்காரர்களும் நாலு ரூம் எடுத்திருக்கிறார்கள்.

அதனால் கேன்டீன் விவாதத்துக்கு என் தீர்ப்பு இதுதான். வெளிநாட்டுப் பணம் சாமியும் இல்லை, பூதமும் இல்லை. வரும்போது மூன்று கேள்வி கேட்டுவிட்டால் போதும். நஷ்டம் வந்தால் யார் தலையில்? அவன் போனால் இங்கே என்ன மிஞ்சும்? கணக்கையும் புகைபோக்கியையும் யார் பார்க்கிறார்கள்? மூன்றுக்கும் சரியான பதில் இருந்தால், பணம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஊர் வளரும். பதில் இல்லையென்றால், சொந்த நாட்டுப் பணமே ஆனாலும் ஊருக்குக் கஷ்டம்தான்.

இந்த மூன்று கேள்வியை மந்திரிகளும் அதிகாரிகளும் கேட்டால் மட்டும் போதாது. மாதா மாதம் இரண்டாயிரம் கட்டுகிற நீங்களும் இப்போது ஒரு குட்டி முதலாளி. உங்கள் பணம் எந்த ஊர்த் தொழிற்சாலைக்குப் போகிறது, அங்கே யார் ஆற்றில் என்ன கலக்கிறது, கணக்கு சரியாக இருக்கிறதா என்று ஃபண்டின் அறிக்கையை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரித்துப் பாருங்கள். மேனேஜரைத் திட்டுகிற நேரத்தில் பாதி போதும்!